கொட்டகைக் கார்

ஆலத்துமேட்டுத் தெய்வசிகாமணி கார் வாங்கியது நிறுத்தி வைப்பதற்காக. எங்கேயும் போகிற எண்ணம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. சர்க்கரை ஆலையில் பெரிய உத்தியோகத்தில் இருந்த ஒருவர் மாற்றலாகிப் போகும்போது தள்ளிவிட்டுப் போன பழைய வெள்ளை அம்பாசடர் அது. வந்த அன்றைக்கே இரண்டு உழவு மாடுகளைக் கொட்டகையிலிருந்து அவிழ்த்துப் புளியமரத்தடியில் கட்டச் சொன்னார். மாடு நின்ற இடத்துக்குச் சிமெண்டு பூசி, காரை உள்ளே ஏற்றி, மேலே தார்ப்பாய் போட்டு மூடினார். அந்த வருஷம் கல்வராயன் மலையில் பிடித்த மழை அடிவாரத்தில் பத்து நாள் விடாமல் பெய்தது. மாடு நனைந்தது. கார் நனையவில்லை.

சாயங்காலமானால் தெய்வசிகாமணி காரில் போய் உட்காருவார். கொட்டகைக்குள்ளேயேதான். டிரைவர் செல்லமுத்து பின்கதவைத் திறந்து பிடிக்க வேண்டும். ஐயா ஏறி உட்கார்ந்து பேப்பர் படிப்பார். அரை மணி நேரம் கழித்து ஒரு இருமல் வரும். செல்லமுத்து தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த மாட்டை விட்டுவிட்டு ஓடி வந்து கதவைத் திறக்க வேண்டும். விழுப்புரம் வரைக்கும் போய் வந்த களைப்போடு இறங்கித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார்.

"வந்துட்டாருடி உங்கப்பா, பயணம் போயிட்டு. காப்பித் தண்ணி குடு" என்பாள் அவர் மனைவி அம்சவள்ளி மகளிடம், அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே. கட்டிய நாளிலிருந்து அந்த மனுஷனைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பும் வரவில்லை.

கச்சிராயபாளையத்து மெக்கானிக் பொன்னுரங்கம் ஒருமுறை வந்தபோது படித்துப் படித்துச் சொன்னார். "ஐயா, இது நிக்க வெச்சா கெட்டுப்பூடும். கார்ப்ரேட்டர்ல இருக்கற பெட்ரோல் காஞ்சி பிசினாட்டம் ஆயிடும். வாரத்துக்கு ஒரு வாட்டி ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிசம் ஓட வுடுங்க."

"இது இன்னா குதிரையா, நட பழக்கறதுக்கு?" என்றார் தெய்வசிகாமணி. பொன்னுரங்கம் சாமான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

ஆனால் ஆயுத பூஜை வந்துவிட்டால் காருக்கு நடக்கிற உபசாரம் அம்மனுக்குக்கூட நடக்காது. சந்தனத்தை அம்மியில் வைத்து அரைத்து, கிண்ணம் கிண்ணமாகக் கொண்டுபோய் அவர் கையாலேயே பூசுவார். பொட்டு வைக்கிற பழக்கமே கிடையாது, அப்புவார். சக்கரத்துக்கு, விளக்குக்கு, ஸ்டீரிங்குக்கு, பின்பக்கத்துப் பெட்ரோல் மூடிக்கு. சாமிச் சந்தனத்தைத் துடைக்கக் கூடாது என்பது அவர் சட்டம். செல்லமுத்து வண்டியைத் துடைத்தாலும் சந்தனத்தைச் சுற்றித்தான் துடைப்பான். ஒரு வருஷத்துச் சந்தனத்தின் மேல் மறு வருஷத்துச் சந்தனம் ஏறி, அங்கங்கே அடை தட்டினாற்போலக் காய்ந்திருக்கும்.

ஊரில் யாருக்காவது அவசரம் என்றால் காருக்கு வந்து நிற்பார்கள். வராமல் எப்படி இருப்பார்கள்? அந்தச் சுற்று வட்டாரத்தில் இருந்த ஒரே கார். தெய்வசிகாமணி துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வெளியே வருவார். "அடடா, வண்டி ஸ்டார்ட் ஆவாதேப்பா. இருந்தா குடுக்க மாட்டனா?" என்பார். வைக்கோற்போர் நாய் தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது என்பார்கள். அந்த நாயாவது குரைத்துக் காட்டும். இவர் வருத்தப்பட்டுக் காட்டுவார்.

பிச்சைமுத்துவின் மகள் ஜெயசுதாவைக் கரும்புக் கொல்லையில் விரியன் கடித்தது எண்பத்தாறு ஆவணியில். ஏழு வயசுப் பெண். பிச்சைமுத்து அதே கொல்லையில், தெய்வசிகாமணியின் கொல்லையில், காய்ந்த கரும்புச் சோகை உரித்துக்கொண்டிருந்தவன். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்து வாசலில் நின்றான். பின்னாலேயே அவன் பெண்டாட்டி தைலம்மாள். இரண்டு பேரும் ஒன்றும் அந்நியர் இல்லை. ஒரே சாதி, தூரத்துப் பங்காளி முறைகூட வரும். நிலம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

"அடடா, வண்டி ஸ்டார்ட் ஆவாதேப்பா" என்றார் தெய்வசிகாமணி.

முதல் நாள்தான் அந்தக் கார் திருக்கோவிலூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய், டேங்க் கழுத்து வரைக்கும் பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்திருந்தது. அம்சவள்ளிக்கு அது தெரியும். அந்தக் கல்யாணத்தில் போட்ட வெற்றிலை பாக்குப் பை இன்னும் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் பாதி சாத்திய கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். வாயைத் திறக்கவில்லை. மாட்டு வண்டியில் போட்டுக் கொண்டுபோன பிள்ளை கோமுகி வாய்க்கால் மதகைத் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது.

அன்றிலிருந்து தெய்வசிகாமணி காரை எடுக்கவே இல்லை. எடுத்தால் ஓடும் என்று ஊருக்குத் தெரிந்துவிடுமே. அந்த வருஷத்து ஆயுத பூஜைக்குக்கூடக் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தமில்லாமல் நாலு பேரை விட்டுத் தள்ளி எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி இறக்கினார். சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டும் என்று பதிமூன்று மாதம் காரை ஓட்டாமல் வைத்திருந்த புண்ணியவான் அவர்.

எண்பத்தேழு புரட்டாசியில் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. ஒரு வாரத்துக்கு எந்தச் சாலையிலும் வண்டி ஓடக்கூடாது என்று சாதிச் சங்கம் சொல்லிவிட்டது. கேட்டதில் நியாயம் இருந்தது. பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்காத பிள்ளைகள் அந்த ஊரில் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். பிச்சைமுத்து மாதிரி ஆட்கள் கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு சாலையில் மரம் வெட்டிப் போடப் போனதற்குக் காரணம் இருந்தது. தெய்வசிகாமணிக்கு அங்கே என்ன வேலை என்றுதான் அம்சவள்ளிக்கு விளங்கவில்லை. அவர் போய்க் கூட்டுரோட்டில் கவிழ்த்துப் போட்ட ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி நின்று பேசினார்.

"நம்ம எல்லாரும் ஒண்ணு! ஏழ இல்ல, பணக்காரன் இல்ல! எவன் வந்தாலும் வழி வுடாதீங்க! என் வூட்டுப் பொம்பளயே பிரசவத்துக்குப் போனாலும் வழி வுடாதீங்க!"

கை தட்டினார்கள். கை தட்டலுக்காகச் சொன்ன வார்த்தைதான் அது. வீட்டில் மகள் செந்தமிழ்ச்செல்வி தலைப்பிரசவத்துக்கு வந்து ஒன்பது மாத வயிற்றோடு உட்கார்ந்திருப்பது அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் வரவில்லை. மாப்பிள்ளை நெய்வேலியில் வேலை. பஸ் இல்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டான்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் செல்விக்கு வலி கண்டது. மலைப் பக்கம் கறுத்துக் கிடந்தது. மருத்துவச்சி குஞ்சம்மாள் வந்து வயிற்றைத் தடவிப் பார்த்தாள். இரண்டாம் தடவையும் தடவினாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு அம்சவள்ளியைத் தோட்டத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"புள்ள குறுக்க கெடக்குதும்மா. என் கையில ஆவாது. கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்கி இட்டுக்கினு போயி அறுத்துதான் எடுக்கணும். மத்தியானத்துக்குள்ள போவலன்னா ரெண்டு உசுரும் என் பாவத்துல வெக்காதீங்க."

மாட்டு வண்டி கட்டினால் சேற்றில் சாயங்காலம் ஆகிவிடும். ஊரில் இருந்த டிராக்டர் மரம் இழுக்கப் போயிருந்தது. அம்சவள்ளி நேராகக் கொட்டகைக்குப் போய்த் தார்ப்பாயை இழுத்துக் கீழே போட்டாள்.

"செல்லமுத்து, வண்டிய எடு."

செல்லமுத்து சாவியைத் திருப்பி செல்ஃபை இழுத்தான். டிக் என்று ஒரு சத்தம் வந்தது. மறுபடி இழுத்தான். அதுவும் வரவில்லை.

"பேட்டரி செத்துப் போச்சிம்மா."

டிக்கியிலிருந்து ஹேண்டிலை எடுத்து முன்பக்கம் சொருகிச் சுற்றினான். சோக்கை இழுத்துவிட்டுச் சுற்றினான், தள்ளிவிட்டுச் சுற்றினான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இருபது சுற்று சுற்றியிருப்பான். கிழவன் இருமுவது போல இரண்டு தடவை இருமிவிட்டுச் சும்மா கிடந்தது. பானெட்டைத் தூக்கிப் பார்த்தான். ஒரு வார்னிஷ் வாடை அடித்தது.

"கார்ப்ரேட்டர் காஞ்சி கெடக்குதும்மா. சொட்டு இல்ல. மேலருந்து கொஞ்சம் ஊத்திப் பார்க்கலாம். மூக்கு வெச்ச சாமான் எதுனா இருந்தா குடுங்க."

அம்சவள்ளி உள்ளே ஓடினாள். பிறக்கப்போகிற பிள்ளைக்கென்று வாங்கி வைத்திருந்த வெள்ளிப் பாலாடை கையில் அகப்பட்டது. அதையே கொண்டுவந்து நீட்டினாள். செல்லமுத்து ஐயாவின் ராஜ்தூத் மோட்டார் சைக்கிளிலிருந்து ஒரு பாட்டில் நல்ல பெட்ரோல் பிடித்து வந்து, பாலாடையில் ஊற்றி, குழந்தைக்குப் புகட்டுகிற மாதிரி கார்ப்பரேட்டர் வாயில் விட்டான்.  பேரப்பிள்ளைக்கு முன்னால் இந்தச் சனியன் குடிக்கிறதே என்று நினைத்தாள் அம்சவள்ளி.

ஹேண்டிலைச் சுற்றினான். எஞ்சின் உறுமியது. அம்சவள்ளி கையெடுத்துக் கும்பிட்டாள். எட்டு மூச்சு ஓடியிருக்கும், விக்கல் எடுத்து நின்றுவிட்டது. மறுபடி ஊற்றினான். மறுபடி எட்டு மூச்சு. மூன்றாம் தடவை சுற்றும்போது ஹேண்டில் திருப்பி அடித்தது. செல்லமுத்து "ஐயோம்மா" என்று மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

சத்தம் கேட்டுத் தெய்வசிகாமணி வந்தார். வந்தவர் என்ன செய்தார் தெரியுமா? உள்ளே போய் ஒரு எலுமிச்சம்பழமும் கற்பூரத் தட்டும் எடுத்து வந்தார். பானெட் திறந்து கிடக்கிறது, பெட்ரோல் தரையெல்லாம் சிந்திக் கிடக்கிறது, இவர் தீப்பெட்டியை உரசப் போகிறார்.

"ஐயா! ஐயா! பெட்ரோலுங்க!" என்று செல்லமுத்து ஒற்றைக் கையோடு எழுந்து ஓடினான்.

அம்சவள்ளி தட்டைப் பிடுங்கி வைக்கோலுக்கு அப்பால் எறிந்தாள். "கொளுத்துங்க. பொண்ணயும் சேத்து கொளுத்திட்டு போங்க."

"திருஷ்டிடி. ஊர்க் கண்ணு பட்டுப் போச்சி. அதான் நிக்குது."

"ஊர்க் கண்ணு படல. ஊர்க் கண்ணுல படக்கூடாதுன்னு வெச்சிருந்தீங்களே, அதனால நிக்குது. ஆளுங்கள கூப்புடுங்க. தள்ளி வுடணும்."

தெய்வசிகாமணி தெருப் பக்கம் பார்த்தார், கொட்டகையைப் பார்த்தார், காலில் இருந்த செருப்பைப் பார்த்தார். "நான் போயி கேட்டா நல்லாருக்குமா?" என்றார்.

இந்த மனுஷனிடம் நின்று பேசுகிற நேரத்துக்கு நாலு வலி வந்துவிடும். அம்சவள்ளி புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள்.

பிச்சைமுத்து ராத்திரியெல்லாம் மரம் வெட்டிவிட்டு வந்து, குடிசைக்கு முன்னால் குந்திக்கொண்டு பச்சை மிளகாயைக் கடித்துக் கேழ்வரகுக் கூழ் குடித்துக்கொண்டிருந்தான். கோடாலி பக்கத்தில் கிடந்தது. தைலம்மாள் மரவள்ளிக் கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். அம்சவள்ளியைப் பார்த்து இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. வேறு நாளாயிருந்தால் எழுந்திருப்பார்கள்.

"தம்பி" என்றாள் அம்சவள்ளி.

பிச்சைமுத்து மிளகாயைக் கடித்தான். "தம்பியா? இத்தினி வருசமா இல்லாத மொற இன்னாத்துக்கும்மா இன்னிக்கி?"

"செல்விக்கி வலி கண்டுட்டுது. புள்ள குறுக்க கெடக்குதாம். மத்தியானத்துக்குள்ள கள்ளக்குறிச்சி போவணும். வண்டிய தள்ளி வுடணும். நாலு பேரு வந்தீங்கன்னா போதும்."

"இன்னா வண்டி?"

"கார்தான்."

"அது ஸ்டார்ட் ஆவாதுன்னு ஐயா அன்னிக்கே சொன்னாரே."

 தைலம்மாள் தலை நிமிராமல் சீவிக்கொண்டே இருந்தாள். தோல் சுருள் சுருளாக விழுந்தது.

"அன்னிக்கி ஆயிருக்கும்" என்றாள் அம்சவள்ளி. "மொத நாளுதான் திருக்கோவிலூரு போயி வந்துது. அவரு பொய் சொன்னாரு. நான் கதவுக்குப் பின்னால நின்னுக்கினு இருந்தன். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயத் தொறக்கல."

பிச்சைமுத்து கூழ்ச் சட்டியைக் கீழே வைத்தான்.

"எங்களுக்குந் தெரியும்" என்றாள் தைலம்மாள். குரல் ஏறவே இல்லை. "கதவுக்குக் கீழ ஒன் காலு தெரிஞ்சிது. மெட்டி போட்ட காலு. பொம்பள நிக்கிறா, ஒரு வார்த்த சொல்லுவா, சொல்லுவான்னு அந்தக் காலயே பாத்துக்கினு இருந்தன். மொத அந்தக் காலுதான் உள்ள போச்சி. அப்பறந்தான் நாங்க திரும்புனோம்."

  அம்சவள்ளி புருஷனைப் பார்த்து முகம் சுளித்துச் சுளித்துத் தன்னை வேறு ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இவர்கள் கணக்கில் இரண்டு பேரும் ஒரே வாசல்தான். அது நியாயமும்கூட.

"வராட்டி போங்க" என்றாள். "நான் இன்னா கேக்க முடியும்? கேக்க வந்ததே தப்பு." திரும்பினாள்.

"யே, இந்தா" என்றாள் தைலம்மாள், புருஷனைப் பார்த்து. "குந்திக்கினு இருக்கிறியே. செல்வி நம்ம சுதாவுக்குச் சடை பின்னிவுட்ட பொண்ணு. போயி தள்ளு. அந்தாளு வண்டின்னு தள்ளாத. பொண்ணு வண்டின்னு தள்ளு."

பிச்சைமுத்து வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, கோடாலியைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தான். தெருவில் மூன்று பேரைக் குரல் கொடுத்து எழுப்பினான்.

செல்வியைப் பின் சீட்டில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, குஞ்சம்மாள் தலைமாட்டில் ஏறிக்கொண்டாள். செல்லமுத்து இடது கையால் ஸ்டீரிங்கைப் பிடித்தான். நாலு பேரும் பின்னால் கை வைத்தார்கள்.

"டேய், டேய், பெயிண்டுல கை வெக்காதீங்கடா! பம்பர புடிங்க!" என்றார் தெய்வசிகாமணி.

நாலு பேரும் கையை எடுத்தார்கள். அவரைப் பார்த்தார்கள். பிறகு நன்றாக உள்ளங்கையை விரித்து, சேற்றுக் கையோடு, பெயிண்டிலேயே வைத்துத் தள்ளினார்கள்.

வண்டி தெருவில் இறங்கியது. செல்லமுத்து இரண்டாவது கியரில் கிளட்சை விட்டான். உதறிக்கொண்டு பிடித்தது. கறுப்புப் புகையைக் கக்கியது. தெரு நாய்களெல்லாம் குரைத்தன. பொதுக் கிணறு வரைக்கும் ஓடியது. அங்கே விக்கல் எடுத்து நின்றது.

மறுபடி பாலாடை. மறுபடி தள்ளினார்கள். கிணற்றிலிருந்து மாரியம்மன் கோயில் வரைக்கும் ஓடி நின்றது. உள்ளே செல்வி "ம்மா, முடியலம்மா" என்று கத்தினாள். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவள், முதல் தடவையாகக் கத்தினாள்.

அம்சவள்ளி கையில் பாலாடையோடு நின்றாள். மேலே ஊற்றினால் குடிக்கிறது. ஊற்றினது தீர்ந்தால் நின்றுவிடுகிறது. டேங்கில் கழுத்து வரைக்கும் கிடக்கிறது, அது வர மாட்டேன் என்கிறது. விட்டு விட்டு, திக்கித் திக்கி. இந்தத் திக்கல் அவளுக்குத் தெரிந்த திக்கல். எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் இப்படித்தான் இரண்டு முழுங்கு வரும், அப்புறம் வராது. எதிர் மூலையில் இன்னொரு ஆணி அடித்தால்தான் ஒழுங்காக ஒழுகும். அடுப்படியில் இருக்கிற சின்னப் பெண்ணுக்குக்கூடத் தெரிந்த விஷயம்.

"செல்லமுத்து, டேங்குலருந்து பெட்ரோலு வெளிய வந்தா, அந்த எடத்துக்குக் காத்து எங்கருந்து போவும்?"

"மூடியில ஒரு சின்ன ஓட்ட இருக்கும்மா, அது வழியா..." என்று ஆரம்பித்த செல்லமுத்து அப்படியே நிறுத்திக்கொண்டான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வண்டியின் பின்பக்கம் பார்த்தார்கள்.

மூடி இருந்த இடத்தில் மூடியே தெரியவில்லை. போன ஆயுத பூஜைக்கு அப்பிய சந்தனமும் குங்குமமும் பழைய அடையோடு சேர்ந்து, மூடியின் ஓட்டையையும் அடைத்துக்கொண்டு கல்லாகக் கிடந்தது. அம்சவள்ளி நகத்தால் சுரண்டினாள், போகவில்லை. பிச்சைமுத்து கோடாலி முனையால் ஒரு நெம்பு நெம்பினான். ஓடு மாதிரி பெயர்ந்து வந்தது. செல்லமுத்து மூடியைப் பிடித்துத் திருகினான். புஸ் என்று நீளமாக ஒரு சத்தம். ஒரு வருஷமாக மூச்சை அடக்கிக்கொண்டிருந்த பிராணி மூச்சு வாங்கியது போல இருந்தது.

"அடப் பாவி" என்றாள் குஞ்சம்மாள், யாரை என்று சொல்லாமல்.

தெய்வசிகாமணி குனிந்து பெயர்ந்து விழுந்த சந்தனத்தைப் பொறுக்கினார். "சாமிச் சந்தனம், மிதிச்சிடாதீங்க" என்றார். அந்த நிமிஷத்தில் அம்சவள்ளிக்கு அவர் மேல் கோபம்கூட இல்லை. ஒரு மனுஷன் இவ்வளவு சின்னதாக இருக்க முடியுமா என்று ஆச்சரியமாகத்தான் இருந்தது.

மூடியைப் போடாமல் வாயில் ஒரு துணியைத் தளர்வாகச் சொருகி, மறுபடி தள்ளினார்கள். பிடித்தது. எட்டு மூச்சு ஆனது. இருபது ஆனது. பழைய பெட்ரோலின் நாற்றத்தோடு, ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, உதறி உதறி, ஆனால் நிற்காமல் ஓடியது. செல்லமுத்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்காமல், "ஏறுங்க, ஏறுங்க" என்று கத்தினான்.

தெய்வசிகாமணி முன்கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தார். தோள் துண்டைச் சரி செய்துகொண்டார்.

"நீங்க எறங்குங்க" என்றாள் அம்சவள்ளி.

"இன்னாது?"

"வழியில மரம் கெடக்குது. எந்த மரம் எங்க கெடக்குதுன்னு வெட்டுனவனுக்குத்தான் தெரியும். பேசுனவங்களுக்குத் தெரியாது. பிச்சமுத்து, நீ ஏறு."

பிச்சைமுத்து தயங்கினான். அந்தக் காரில் அதுவரைக்கும் அவன் ஏறியதில்லை. கோடாலியை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டின் ஓரத்தில் உட்கார்ந்தான். தெய்வசிகாமணி சந்தனத் தூளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கோயில் வாசலில் நின்றது கண்ணாடியில் கொஞ்ச நேரம் தெரிந்தது.

முதல் இரண்டு மரங்கள் கிடந்த இடத்தில் பிச்சைமுத்து வண்டியை ஏரிக்கரை வழியாகச் சுற்றிக் கடத்திவிட்டான். கூட்டுரோட்டில் சுற்ற வழி இல்லை. பெரிய தூங்குமூஞ்சி மரம் ரோட்டை அடைத்துக் கிடந்தது. இளைஞர்கள் பத்துப் பதினைந்து பேர். இளவரசன் என்கிற பையன் முன்னால் வந்து கையை நீட்டினான்.

"திருப்புங்க. யாரும் போவக்கூடாது."

"எஞ்சின நிறுத்தாத" என்றாள் அம்சவள்ளி செல்லமுத்துவிடம். இறங்கினாள். "பிரசவம்டா. உள்ள பாரு."

"இருக்கட்டும்மா. தலைவரு சொல்லியிருக்காரு. அவரு வூட்டுப் பொம்பளயே பிரசவத்துக்குப் போனாலும் வுடக்கூடாதுன்னு."

"அவரு வூட்டுப் பொம்பள நாந்தாண்டா. உள்ள கெடக்கறது அவரு பெத்த பொண்ணு. இப்ப சொல்லு."

பையன் நீட்டிய கையைக் கீழே போட்டான். பிச்சைமுத்து கோடாலியோடு இறங்கி வந்தான்.

"இளவரசா, இந்த மரத்த வெட்டுனது யாரு?"

"நீதாண்ணா."

"எதுக்கு வெட்டுனன்? நம்ம புள்ளைங்க நல்லாருக்கணும்னு வெட்டுனன். பொறக்கப்போற புள்ளைய வழியில வெச்சி சாவடிக்கவா வெட்டுனன்? எனக்கு ஒண்ணு வழியில போனது போதும். புடி."

அதற்குமேல் யாரும் தலைவர் பேச்சை எடுக்கவில்லை. கிளைகளைக் கழித்துத் தள்ளி, பதினைந்து பேரும் சேர்ந்து நுனிப் பக்கத்தை ஒரு கார் போகிற அளவுக்கு நகர்த்தினார்கள். கார் போனதும் மறுபடி இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

பத்தரை மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றார்கள். பதினொன்றே காலுக்கு ஆண் பிள்ளை. தாய்க்கு ரத்தம் நிறையப் போய்விட்டது, ஆனாலும் பிழைத்துக்கொண்டாள். நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டியபோது அம்சவள்ளி அழுதாள். பேரனுக்காக அழுதது பாதிதான். மதகடியில் போன பிள்ளைக்குப் பத்தரை மணி என்று ஒன்று வாய்க்கவில்லையே என்று அழுதது மீதி. வெளியே மரத்தடியில் பிச்சைமுத்து காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

அந்த வாரம் முடிவதற்குள் போலீஸ் ஊர் ஊராக வந்தது. வடக்கே எங்கேயோ துப்பாக்கிச் சூடு என்று ரேடியோவில் சொன்னார்கள். கூட்டுரோட்டில் மரப்பெட்டி மேல் ஏறி நின்று பேசிய தலைவர் கால்நடையாகக் கல்வராயன் மலை ஏறிப் போய்விட்டார். வெள்ளிமலைப் பக்கம் தெரிந்தவர் குடிசையில் சாமைச் சோறு தின்றுகொண்டு ஒளிந்திருந்தார். பிச்சைமுத்துவையும் இளவரசனையும் கொண்டுபோய் எட்டு நாள் உள்ளே வைத்து அடித்து அனுப்பினார்கள். இவர் ஆயுத பூஜைக்கு முதல் நாள், மலைத்தேன் ஒரு பாட்டிலோடு, தியாகி மாதிரி வந்து இறங்கினார்.

மறுநாள் காலையில் தெய்வசிகாமணி குளித்து, நெற்றியில் விபூதி பூசி, சந்தனக் கிண்ணத்தோடு கொட்டகைக்கு வந்தார். சக்கரங்களுக்கு அடியில் நாலு எலுமிச்சம்பழத்தை அவர் கையாலேயே வைத்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்தார். துளிச் சந்தனம் இல்லாமல் மொட்டையாக நின்றது. மூடியைச் சோடாக்காரம் போட்டுத் தேய்த்து, ஓட்டையில் குண்டூசி விட்டு எடுத்து, அம்சவள்ளி பளபளவென்று வைத்திருந்தாள். பேட்டரியும் மாற்றியாகிவிட்டது. பன்னிரண்டு நாளாகத் தினம் காலையில் செல்லமுத்து பத்து நிமிஷம் ஓட விடுகிறான் என்பது மலையிலிருந்து வந்தவருக்குத் தெரியாது.

கிண்ணத்தில் விரலை விட்டார். அப்போதுதான் தெருவிலிருந்து அம்மாசி ஓடி வந்தான். கரும்பு வெட்டுகிறவன். மேல் மூச்சு கீழ் மூச்சு வாங்கியது.

"ஐயா, எங்கப்பாரு நெஞ்சப் புடிச்சிக்கினு வுழுந்துட்டாருங்க. பேச்சு மூச்சு இல்லீங்க. வண்டி இருந்தா..."

தெய்வசிகாமணி முகத்தைத் துக்கம் விசாரிக்கிற முகமாக மாற்றிக்கொண்டார். எத்தனையோ வருஷத்துப் பழக்கம், முகம் தானாக அந்த இடத்துக்குப் போய்விட்டது.

"அடடா" என்றார். "வண்டி ஸ்டார்ட் ஆவாதேப்பா."

அவருக்குப் பின்னால் எஞ்சின் ஒரே இழுப்பில் கிளம்பியது. சீராக, ஒரு விக்கல்கூட இல்லாமல் ஓடியது. செல்லமுத்து ஸ்டீரிங்கில் இருந்தான். பக்கத்தில் கதவைப் பிடித்துக்கொண்டு அம்சவள்ளி நின்றாள். கதவுக்குப் பின்னால் இல்லை, முன்னால்.

அம்மாசி காரைப் பார்த்தான், ஐயாவைப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஆவாதுன்னாரே?" என்றான்.

"அவருக்கு ஆவாது" என்றாள் அம்சவள்ளி. "ஒனக்கு ஆவும். ஏறு."

நாலு எலுமிச்சம்பழமும் நசுங்க, கார் கொட்டகையை விட்டு இறங்கித் தெருவுக்குப் போனது. தெய்வசிகாமணி சந்தனக் கிண்ணத்தோடு நின்றார். கொட்டகையில் பூசுவதற்கு ஒன்றும் இல்லை.